திரையில் ஓடும் விலையும் களத்தில் முடியும் விலையும்: செஞ்சியை முன்வைத்து வணிகச் செய்தித் தொலைக்காட்சியின் வரைகலை, ஒளிபரப்பு நேர அமைவு குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வணிகச் செய்தி அலைவரிசைகளின் திரை வரைகலையும் நேர அமைவும் பங்குச்சந்தையின் இயல்பிலிருந்து உருவானவை. நாளுக்கு ஒருமுறை, குவியல் குவியலாக விலை முடிவாகும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை எதிரே நிறுத்தி அவ்வடிவத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்ச் செய்தித் திரை தன் பார்வையாளரை வாங்குபவராக மட்டுமே கருதுவதும், விற்பவருக்கு உரிய நேரத்தில் விலை சென்று சேராமையும் இங்கு விவாதிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஓடுவரி, திரை வரைகலை, வட்டார ஒளிபரப்பு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், மறைமுக ஏலம், செஞ்சி.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைத்து எழுந்த கோட்டையைக் காண வருவோர் இராஜகிரியின் அடிவாரத்தில் பெரும் நெற்களஞ்சியங்களையும் காண்பர். முற்றுகைக் காலத்தில் கோட்டையைக் காத்தவற்றுள் மதிலுக்கு அடுத்த இடம் களஞ்சியத்துக்கு உரியது. இன்றைய செஞ்சியில் நெல் சேரும் இடம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். அறுவடைப் பருவத்தில் சுற்றுப்புற ஊர்களின் நெல் மூட்டைகள் அங்கு வந்து குவிகின்றன. 2025 ஜூலையில் 'இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலத்தோற்றங்கள்' என்னும் தலைப்பில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. அதனால் இவ்வூர்ப் பெயர் நாடெங்கும் செய்தியாயிற்று. ஆனால் கோட்டைக்குக் கிடைத்த திரை இடம் களத்து விலைக்குக் கிடைத்ததில்லை. அதன் காரணத்தை அலைவரிசைகளின் அலட்சியம் என்று முடித்துவிடுவது எளிது. அதைவிட ஆழமான காரணம் வரைகலையின் வடிவத்திலேயே இருக்கிறது.

ஓடுவரி வேண்டும் விலை

செய்தி அறைகளில் 'டிக்கர்' என்றும் 'ஸ்க்ரோல்' என்றும் வழங்கும் ஓடுவரி தொலைக்காட்சிக்கு முந்தியது. 1867இல் நியூயார்க்கில் அறிமுகமான தந்திவழிப் பங்குவிலைக் கருவி விலைகளைக் காகித நாடாவில் அச்சிட்டது. 1981இல் தொடங்கிய ஃபைனான்சியல் நியூஸ் நெட்வொர்க்கும் 1989இல் வந்த சிஎன்பிசியும் அந்நாடாவைத் திரையின் அடிப்பகுதிக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில் 1994 நவம்பரில் தேசியப் பங்குச்சந்தை கணினித் திரைவழிப் பங்கு வணிகத்தைத் தொடங்கிய ஐந்தாண்டுகளில், 1999 டிசம்பரில், இன்றைய சிஎன்பிசி-டிவி18இன் முன்வடிவம் ஒளிபரப்பாயிற்று. முதலில் சந்தை திரைக்குள் சென்றது. பின்னர்த் திரை வீட்டுக்கு வந்தது. இவ்வரிசை முக்கியமானது. ஓடுவரிக்கு வேண்டியது விலை மட்டுமன்று, இடையறாது மாறும் விலை. நொடிதோறும் எண்ணை அனுப்பும் ஒரு சந்தை பின்னால் இல்லையெனில் அவ்வடிவம் வெறுமையாகிவிடும்.

செஞ்சிக் களத்தில் விலை பிறக்கும் முறை இதற்கு முற்றிலும் வேறானது. உழவர் தம் நெல்லை லாட் எனப்படும் குவியலாக வைக்கிறார். வணிகர்கள் ஒவ்வொரு குவியலையும் கையில் அள்ளிப் பார்த்து, ஈரப்பதம், நிறம், பதர் ஆகியவற்றை மதிப்பிட்டுத் தம் விலையை எழுதித் தருகின்றனர். மறைமுக ஏலத்தில் மிகுதியாகக் கோரப்பட்ட விலை அக்குவியலின் விலையாக அறிவிக்கப்படுகிறது. கட்டுப்படியாகாது என்றால் உழவர் மறுக்கலாம். ஒரு குவியலுக்கு ஒரு நாளில் ஒரே விலை. அடுத்த குவியலின் விலை வேறு. 'செஞ்சி நெல் விலை' என்னும் ஒற்றை எண் உண்மையில் எந்த மூட்டையின் விலையுமன்று. பச்சை, சிவப்பு அம்புக்குறிகளோடு ஓடவிடத் தக்க பண்டமாக அது அமையாதது இதனால்தான்.

நெல்லுக்கு வேறொரு வழியும் இருந்திருக்கலாம். பொருள்சந்தையின் முன்பேர விலையாக ஓடுவரிக்குள் அது வந்திருக்கலாம். பாசுமதி அல்லாத நெல் உள்ளிட்ட ஏழு வேளாண் பொருள்களின் முன்பேர வணிகத்தை 2021 டிசம்பரில் செபி நிறுத்திவைத்து, பின்னர் அத்தடையைத் தொடர்ந்து நீட்டித்ததால் அவ்வழியும் அடைபட்டது. அத்தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். தங்கம், வெள்ளி, கச்சா எண்ணெய், செம்பு ஆகியவை ஓடும் வரியில் தமிழ்நாட்டின் முதன்மை உணவுப் பயிருக்குத் தொழில்நுட்ப அளவிலேயே இடமில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

அலகும் நிறமும்

வரைகலையில் எண்ணைவிட அலகே வட்டாரத்தைக் காட்டுகிறது. ஆங்கில, இந்தி வணிக அலைவரிசைகளில் பொருள்சந்தையின் தங்க விலை 10 கிராமுக்கு உரியது. தமிழ்ச் செய்தி அலைவரிசைகளில் அது சவரனுக்கு, அதாவது 8 கிராமுக்கு உரியது. நகைக்கடையில் தமிழர் கேட்கும் அலகுக்கே திரை இறங்கிவந்துள்ளது. எந்த ஆணையும் இல்லாமல் நிகழ்ந்த இவ்வட்டாரமாக்கம் பாராட்டுக்குரியது. (2025 மார்ச்சில் தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் 'ரூ' இடம்பெற்றபோது எழுந்த பெரும் விவாதத்தில், தமிழ்ச் செய்தித் திரைகளில் அவ்வெழுத்து நெடுநாளாகவே வழங்கிவருவதைப் பலர் மறந்தனர். ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமாரின் முனைவர் பட்ட ஆய்வுப்பொருள் தமிழ் அச்செழுத்தியல் என்பதும் அன்று அதிகம் பேசப்படவில்லை.)

நெல்லுக்கு இந்த இறங்கிவருதல் நிகழவில்லை. ஒன்றிய அரசு 2025-26ஆம் பருவத்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாய். மாநில ஊக்கத்தொகையோடு தமிழ்நாட்டின் கொள்முதல் விலை முறையே 2,500, 2,545 ரூபாய். திரைகளில் வந்தவை இக்குவிண்டால் எண்களே. செஞ்சிக் களத்தில் நெல் விலை பேசப்படுவதோ 75 கிலோ மூட்டைக்கு. அக்கணக்கில் பொது ரகத்தின் கொள்முதல் விலை 1,875 ரூபாய், சன்ன ரகத்தின் விலை 1,908 ரூபாய் 75 காசு. வணிகர் கோரும் விலை அரசு விலைக்கு மேலா கீழா என்பதை அறிய உழவர் நான்கில் மூன்று பங்கு கணக்கிட வேண்டும். அவருக்கு அது கடினமன்று. ஆயினும் தங்கம் வாங்குபவருக்குத் திரையே செய்துதரும் கணக்கை நெல் விற்பவர் தாமே செய்துகொள்ள வேண்டியிருப்பது யாரை எண்ணி அத்திரை அமைக்கப்படுகிறது என்பதைக் காட்டிவிடுகிறது. அரசு விலையின் இரு ரகப் பகுப்பு, பொன்னிக்கும் குண்டு நெல்லுக்கும் இடையே களம் காணும் வேறுபாட்டைக் காண்பதில்லை என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம்.

நிறம் இன்னும் நுட்பமானது. பங்குச்சந்தைத் திரையில் விலையேற்றம் பச்சை, இறக்கம் சிவப்பு. இது பங்கை வைத்திருப்பவரின் கண். சீனாவிலும் ஜப்பானிலும் ஏற்றமே சிவப்பு. ஆகவே நிறத்துக்கு இயற்கையான பொருள் எதுவுமில்லை, மரபே உண்டு. தமிழ்ச் செய்தி அலைவரிசைகளில் தங்கமோ தக்காளியோ விலை ஏறினால் அது 'அதிர்ச்சி', இறங்கினால் 'மகிழ்ச்சி'. கோயம்பேட்டில் வாங்குபவரின் கண்ணே இங்குத் திரையின் கண். தக்காளியை விளைவித்தவருக்கு அதே நாள் நல்ல நாளாக இருந்திருக்கலாம். நகைக்கடைகள் நிலையான விளம்பரதாரர்களாக உள்ள ஊடகத்தில் தங்க விலை அன்றாடம் தனித் தலைப்புப் பலகையோடு வருவதில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் உள்ளது. உழவரை மையமிட்ட செய்திகளை மிகுதியாகத் தரும் அலைவரிசைகள்கூட, விலை என்று வந்தவுடன் நுகர்வோரின் சொற்களுக்கே திரும்பிவிடுகின்றன. போராட்டச் செய்தியில் உழவர் இருக்கிறார், விலைப்பலகையில் இல்லை.

வட்டாரம் என்பதன் பொருள்

உலகளாவிய வணிக அலைவரிசைகளில் 'வட்டார ஃபீட்' என்பது நேரமண்டலத்தைக் குறிக்கும். சிஎன்பிசியின் ஆசிய, ஐரோப்பிய, அமெரிக்க ஒளிபரப்புகள் அந்தந்தப் பகுதிப் பங்குச்சந்தை திறக்கும் நேரத்தைப் பின்தொடர்பவை. இந்தியாவுக்கு ஒரே நேரம் என்பதால் இங்கு வட்டாரம் மொழியாக மாறியது. 2005இல் இந்தியில் சிஎன்பிசி ஆவாஸ், 2014இல் குஜராத்தியில் சிஎன்பிசி பஜார் ஆகியவை தோன்றின. தமிழுக்கு இத்தகைய முழுநேரச் செயற்கைக்கோள் அலைவரிசை அமையவில்லை. அமைந்திருந்தாலும் செஞ்சிக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதே கேள்வி. குஜராத்தி ஒளிபரப்பும் காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரையிலான மும்பைப் பங்கு வணிக நேரத்தை ஒட்டியே நகர்கிறது. மொழி மாறினாலும் கடிகாரம் மாறுவதில்லை. பொருள்சந்தையின் நேரமோ இன்னும் விந்தையானது. அமெரிக்கா தன் கோடைநேரத்தை மாற்றும்போது எம்சிஎக்ஸின் இரவு வணிகம் முடியும் நேரமும் 11.30க்கும் 11.55க்கும் இடையே மாறுகிறது. நியூயார்க் கடிகாரத்துக்கு ஏற்ப நெகிழும் கால அட்டவணை சம்பா அறுவடைக்கு ஏற்ப நெகிழ்ந்ததில்லை.

செஞ்சிக்கு வேண்டிய வட்டாரம் நேரமண்டலமுமன்று, மொழியுமன்று. ஓர் உழவர் தம் மூட்டைகளைக் கொண்டுசெல்லக்கூடிய தொலைவே அது: செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை என ஒரு சந்தை வட்டம். இவ்வட்டத்தின் விலைகள் கிடைக்காதவை அல்ல. 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் அக்மார்க்நெட் தளம் ஒழுங்குமுறைச் சந்தைகளின் வரத்தையும், குறைந்த, உயர்ந்த, பெருவழக்கு விலைகளையும் வெளியிடுகிறது. 2018இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய உழவன் செயலியிலும் சந்தை விலை உண்டு. கைப்பேசியில் கிடைப்பதைத் தொலைக்காட்சி ஏன் காட்ட வேண்டும் என்று கேட்கலாம். தங்க விலையும் கைப்பேசியில் கிடைக்கிறது என்பது ஒரு விடை. மற்றொரு விடை, பொதுத்திரையில் வரும் விலை விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே கண்ட விலை என்பது. தேநீர்க் கடையில் பலர் கண்ட எண்ணை மறுத்துப் பேசுவது வணிகருக்கு எளிதன்று.

நாள் முழுதும் ஓடும் வரி உழவருக்குப் பயன்படுமா என்பது அடுத்த வினா. மூட்டைகளை இறக்கிக் குவியலாக வைத்த பின், திருவண்ணாமலையில் மூட்டைக்கு ஐம்பது ரூபாய் கூடுதல் என்று பகல் பன்னிரண்டு மணிக்குத் திரை சொன்னால் அவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. மீண்டும் ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை, இன்னோர் இரவுக் காத்திருப்பு ஆகியவை அந்த ஐம்பது ரூபாயை விழுங்கிவிடும். ஏலத்தில் வந்த விலையை மறுக்கும் உரிமைக்கு அவ்வெண் ஓரளவு துணிவு தரலாம், அவ்வளவே. அவர் முடிவெடுக்கும் நேரம் வண்டி ஏற்றுவதற்கு முந்தைய மாலை. நாளை கொண்டுசெல்வதா, இன்னும் இரண்டு நாள் உலர்த்துவதா, எந்தச் சந்தைக்குச் செல்வது என்பன அப்போதுதான் தீர்மானிக்கப்படுகின்றன. உடனடித் தன்மையே வணிகச் செய்தியின் உயர்பண்பு என்னும் கருத்து இங்குப் பொருந்தவில்லை. பங்கு வணிகருக்கு மாலையில் வரும் விலை பழஞ்செய்தி. நெல் விற்பவருக்கு அதுவே நாளைய முடிவுக்கான தரவு.

இந்நோக்கில் சென்னைத் தொலைக்காட்சியின் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியை மறுபடி மதிப்பிட வேண்டியுள்ளது. 1975இல் தொடங்கிய அந்நிலையத்தின் மாலைப் பொழுதோடு பலர் நினைவில் இணைந்த நிகழ்ச்சி அது. நகரத்துப் பார்வையாளரின் கேலிக்கும் அது ஆளானதுண்டு. அதன் வரைகலை எளியது, நடை மெதுவானது. எனினும் களத்திலிருந்து திரும்பியவர் அமர்ந்து பார்க்கும் மாலை நேரத்தில் உழவரை நோக்கிப் பேசியது அது. பின்வந்த 24 மணிநேர அலைவரிசைகள் அம்மாலையை விவாத மேடைக்கு ஒதுக்கின. 'நேர்படப் பேசு', 'ஆயுத எழுத்து' போன்ற நிகழ்ச்சிகளில் பேச்சே பண்டம். காட்சிக்கு வேலை குறைவு. அந்நேரத்தில் திரையின் அடிப்பட்டை பெரும்பாலும் பகலில் வந்த செய்திகளையே மீண்டும் ஓட்டுகிறது. அப்பட்டையில் சந்தை வட்டம் ஒன்றுக்கு ஒரு வரியாக, ரகத்தின் பெயரோடும் 75 கிலோ மூட்டைக் கணக்கோடும், அன்று முடிந்த குறைந்த, உயர்ந்த விலைகளையும் வரத்தையும் ஓடவிடுவதற்குப் புதிய தொழில்நுட்பமோ தனி ஃபீடோ தேவையில்லை. மணிலாவுக்கு 80 கிலோ மூட்டைக் கணக்கு என்பதுபோல் பயிர்தோறும் அலகு மாறுவதை ஆசிரியப் பிரிவு அறிந்திருந்தால் போதும். வரத்து எண்ணைச் சேர்ப்பது இன்றியமையாதது. முந்தைய நாள் வரத்து மிகுந்திருந்தால் மறுநாள் களத்தில் இடம் கிடைப்பதே அரிது என்பதைச் செஞ்சிக்கு மூட்டை கொண்டுசெல்பவர் அறிவார். விலையைப் பார்ப்பதற்கு முன் அவர் அந்த எண்ணையே பார்ப்பார்.