ஆறு நாளில் கண்டு களித்தல்

போன மாதம் அக்கா எனக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தாள். ஜோர்டான், ஐந்து இரவு ஆறு பகல். கூடவே ஒரு குரல் பதிவு: “இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருலே. சரியா இருக்கான்னு சொல்லு. நீதான் எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிப்பியே.”

அத்தான் போய் இரண்டு வருடம் ஆகிறது. அக்கா முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்திய ஆசிரியை. எந்தப் பத்திரிகையிலிருந்தோ வெட்டியெடுத்த பெட்ரா படம் ஒன்று அவள் பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும். கல்யாணப் புடவையை எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அவளுக்கு 63 வயது, இடது மூட்டில் தேய்மானம். போனால் இந்த ஒரு தடவைதான். அதனால் அந்தப் பிடிஎஃப்பை ஒரு கவிதைத் தொகுப்பைப் படிக்கிற கவனத்தோடு படித்தேன். படிக்கப் படிக்க, பயணத்திட்டம் என்பதும் ஓர் இலக்கிய வகைதான், அதையும் யாராவது விமர்சிக்கத்தான் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

முதலில் அதன் மொழி. எழுவாயே கிடையாது. புறப்படுதல், அடைதல், கண்டு களித்தல், திரும்புதல். யார் புறப்படுகிறார்கள்? மூட்டு வலி உள்ள ஒருத்தியா, இருபத்தைந்து வயதுப் பையனா? திட்டத்துக்கு அது தேவையில்லை. ‘கண்டு களித்தல்’ என்ற சொற்சேர்க்கை ஆறு நாளில் பதினொரு தடவை வருகிறது. ஜெராஷ் ரோமானிய நகரத்தைக் கண்டு களித்தல், மடபாவில் 6ஆம் நூற்றாண்டு மொசைக் வரைபடத்தைக் கண்டு களித்தல், சாக்கடலைக் கண்டு களித்தல். காண்பதற்கும் களிப்பதற்கும் நடுவில் ஏதாவது நடக்க வேண்டாமா? நடக்க இடமில்லை. நான்காம் நாள் பெட்ராவுக்கு ஒதுக்கியது நான்கு மணி நேரம். நுழைவாசலிலிருந்து சீக் என்ற அந்த இடுக்குப் பாதையைக் கடந்து கஸ்னே முகப்பை அடைய ஏறத்தாழ 2 கிலோமீட்டர். போக வர நாலு. அக்காவின் நடைக்குக் கஸ்னேயைத் தொட்டுவிட்டு வருவதற்கே நேரம் சரியாகிவிடும். அதுவும் ஒரு முழு நகரத்தின் வாசல்தான். நகரம் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

ஏஜென்சிக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. அவர் ஒரு பழைய மரபைத்தான் தொடர்கிறார். பெட்ராவைப் பற்றிய ஐரோப்பிய எழுத்தில் பெரும்பகுதி அவசரக்காரர்கள் எழுதியது.

யோஹான் லூட்விக் பர்க்ஹார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்துக்காரர். ஷேக் இப்ராகிம் என்ற பெயரில், அரபு உடையில் சிரியாவிலிருந்து கெய்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்தார். 1812 ஆகஸ்டில் பெட்ராவுக்குள் நுழைந்தார். ஹாரூன் நபியின் சமாதியில் ஆடு பலியிடுவதாக நேர்ந்திருக்கிறேன் என்று ஒரு பொய். சமாதிக்குப் போகும் வழி இடிபாடுகளின் ஊடாகத்தான். வழிகாட்டிக்குக் கூலி, பழைய குதிரை லாடம் ஒரு ஜோடி. ஆட்டைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டி முன்னால் போக, இவர் கண்ணால் அளந்துகொண்டே பின்னால் போகிறார். நின்று பார்த்தால் சந்தேகம், குறிப்பெடுத்தால் இன்னும் சந்தேகம். புதையல் தேடும் மந்திரவாதி என்று அந்த மனிதர் நினைத்தும் விட்டார்.

1822இல், பர்க்ஹார்ட் இறந்து ஐந்து வருடம் கழித்து, அந்தப் பயண நூல் வெளியானது. பெட்ரா பகுதியைப் படித்தால் அந்தப் பதற்றம் வாக்கியத்துக்கு வாக்கியம் தெரிகிறது. அளவுகள், திசைகள், கல்லறைகளின் அமைப்பு, அவ்வளவுதான். இது பழைய பெட்ராவாக இருக்கலாம், தீர்மானிப்பது அறிஞர்கள் வேலை என்று தயங்கித்தான் முடிக்கிறார். எனக்கு அந்தத் தயக்கம் பிடிக்கும். ஒரே நாள் பார்த்தவன் ஒரே நாள் பார்த்தவனாகவே எழுதியிருக்கிறான்.

அடுத்து வந்தவர்களிடம் அந்த அடக்கம் கிடையாது. ஜான் வில்லியம் பர்கன் 1845இல் ஆக்ஸ்போர்டில் பெட்ராவைப் பற்றிக் கவிதை எழுதிப் பரிசு வாங்கினார். பெட்ராவை ரோஜா நிறமாக்கிய கவிதை அது. இன்று எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் அந்த ரோஜா இல்லாமல் பெட்ரா இல்லை. எழுதும்போது அவர் பெட்ராவைப் பார்த்ததே இல்லை! 1862இல் ஒருவழியாக நேரில் போனபோது, இங்கே ரோஜா நிறம் எதுவும் இல்லையே என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அந்தக் கடிதத்தை யார் படித்தார்கள்? உண்மையில் அந்த மணற்கல்லில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஊதா என்று அடுக்கடுக்காக வரிகள் ஓடுகின்றன. வெயில் சாயச் சாய ஒவ்வொன்றாக முன்னே வரும். காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை நிற்பவருக்கு அது அகப்படாது. அவருக்குப் பர்கன்தான் கதி.

எட்வர்ட் லியர் நிதானமாகத் தங்கி வரையத்தான் 1858இல் போனார். கூடாரத்தைச் சுற்றிக் கூட்டம் கூடி, பணம் கேட்டு, கையில் இருந்ததைப் பறித்து, மறுநாளே கிளம்ப வைத்துவிட்டது. இதை உள்ளூர்க்காரர்களின் முரட்டுத்தனத்துக்குச் சான்றாகவே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தங்கள் நிலத்தின் வழியாகப் போகிறவரிடம் சுங்கம் கேட்பது அந்தப் பகுதியின் மிகப் பழைய தொழில். நபட்டேயர்கள் வளமானதே சாம்பிராணி வணிகப் பாதையைக் கையில் வைத்திருந்ததால்தான். லியரின் கூடாரத்தைச் சூழ்ந்தவர்களை அந்த வரிசையில் வைத்துப் பார்க்கும் வரி ஒன்றை நான் இதுவரை படித்ததில்லை.

நம் எழுத்து மட்டும் என்ன வாழ்கிறது? தமிழில் பயணக் கட்டுரை என்றால் விமானம் தரையிறங்க வேண்டும், குடிவரவு அதிகாரி முறைக்க வேண்டும், இட்லி கிடைக்காமல் போக வேண்டும், இறுதியில் மனம் கனக்க வேண்டும். ஏ.கே. செட்டியார் மாதிரி, தன்னைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துச் சின்னச் சின்ன வாக்கியங்களில் எதிரே இருப்பவரைப் பார்க்கும் பழக்கம் அவரோடு போய்விட்டதோ என்று சில சமயம் சந்தேகம் வருகிறது. பாலை நாடு என்றால் இன்னும் மோசம். வெறுமை, மௌனம், ஆன்மா என்று ஆரம்பித்துவிடுவோம். டீ ஊற்றித் தருவதற்கு மட்டும் ஒரு பெதூவின் வருவார். அவருக்குப் பெயர் இருக்காது.

இந்த இடத்தில் ‘பாலைவனம்’ என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. பழைய தமிழில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அது பாலை என்கிறது சிலப்பதிகாரம். அதாவது பாலை என்பது ஒரு நிலத்துக்கு நேர்கிற கதி. ஜோர்டானின் கிழக்கே அஸ்ரக் என்ற சோலை இருக்கிறது. ஊற்றுகளும் சதுப்பும் வலசைப் பறவைகளுமாக இருந்த இடம். அம்மானுக்குக் குடிநீராகவும் விவசாயத்துக்குமாக உறிஞ்சியதில் 1990களின் தொடக்கத்தில் ஊற்றுகள் வற்றின. இன்று அதில் சிறு பகுதிக்குத் தண்ணீர் விட்டுக் காப்பகமாக வைத்திருக்கிறார்கள். நம் காலத்தில், நம் கண் முன்னால் பாலையான நிலம். ஆறு நாள் திட்டத்தில் அஸ்ரக் இல்லை. அதற்குப் போகும் வழியில் இருக்கும் குசைர் அம்ராவும் இல்லை. 8ஆம் நூற்றாண்டு உமையா இளவரசரின் குளியல் மாளிகை அது. சுவர் முழுக்க வேட்டையும் குளிக்கும் பெண்களும். வெந்நீர் அறைக் குவிமாடத்தில் நட்சத்திர மண்டலங்கள். தொடக்ககால இஸ்லாமியக் கலையில் உருவமே கிடையாது என்று பரீட்சையில் எழுதிய தலைமுறை நாங்கள். அக்கா அப்படித்தான் நடத்தியும் இருப்பாள். அவள் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

பெட்ராவும் அப்படித்தான். அதைக் கல்லில் செதுக்கிய நகரம் என்கிறோம். தண்ணீரைச் செதுக்கிய நகரம் என்றாலும் தப்பில்லை. சீக்கின் இரண்டு பக்கமும் இடுப்புயரத்தில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது, சுட்ட மண் குழாய் பதித்த தடமும் உண்டு. மேலே பாறைகளில் தொட்டிகள். திடீர் வெள்ளம் சீக்குக்குள் பாயாமல் வாயிலிலேயே திருப்பிவிட அணையும் குடைந்த சுரங்கமும் அன்றே இருந்தன. பிற்காலத்தில் அது பராமரிப்பின்றிப் போயிற்று. 1963இல் வந்த வெள்ளத்தில் சீக்குக்குள் 20க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அணையைத் திரும்பக் கட்டினார்கள். இந்த வாய்க்காலைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைத் தாழ்த்தி மெதுவாக நடக்க வேண்டும். எல்லோரும் மேலே பார்த்தபடி, கஸ்னே எப்போது தெரியும் என்று விரைகிறார்கள். மூட்டு வலிக்காரி ஒருத்தி அங்கங்கே நின்று மூச்சு வாங்கும்போது இதைக் கண்டுபிடிப்பாள் என்பது என் நம்பிக்கை.

*

நிதானப் பயணம் என்பதும் இப்போது ஒரு சரக்காகிவிட்டது. குமிழிக் கூடாரத்துக்குள் மெத்தையில் படுத்துக்கொண்டு வாடி ரம் நட்சத்திரங்களைப் பார்ப்பதற்கும் ‘நிதானம்’ என்றுதான் பெயர். நிதானம் பணக்காரர்களின் ஆடம்பரம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பாதி உண்மை. விடுதிச் செலவு கூடத்தான் செய்யும். ஆனால் பெட்ராவின் கட்டணத்தைப் பாருங்கள். ஜோர்டானில் தங்குபவருக்கு ஒரு நாள் சீட்டு 50 தினார், இரண்டு நாள் 55, மூன்று நாள் 60. இரவு தங்காமல் எல்லை தாண்டி வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு 90. விசாக் கட்டணமும் சேர்ந்து வரும் ஜோர்டான் பாஸ் எடுத்தாலும் 70, 75, 80 என்று நாளுக்கு 5 தினார்தான் வித்தியாசம். ஏற்கெனவே 50 கொடுத்தவர் மூன்றாம் நாளுக்குக் கொடுப்பது ஐந்தே தினார். எந்தப் பயண எழுத்தாளரையும் விட இந்தக் கட்டணப் பட்டியல் தெளிவாகப் பேசுகிறது.

மெதுவாகப் போனவர் எழுதிய ஒரு புத்தகமும் இருக்கிறது. மார்கரீட் வான் கெல்டர்மால்சன், நியூசிலாந்துக்காரர், செவிலியர். 1978இல் சுற்றுலாவாக வந்தவர் பெட்ராவிலேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அங்கே ஒரு குகையில் குடித்தனம் நடத்தினார். 2006இல் வந்த அவருடைய நினைவுக்குறிப்பு இலக்கியமாகப் பார்த்தால் தளர்வானது. சம்பவங்கள் வரிசையாக வருகின்றன, எதிலும் நின்று ஆழம் போவதில்லை. ஆனால் இருநூறு வருட எழுத்தில் காணாத ஒன்று அதில் இருக்கிறது: குடித்தனம். ரொட்டி சுடுகிறார்கள், தண்ணீர் சுமக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. ராபர்ட்ஸின் 1839 ஓவியங்களில் தூண்களின் உயரத்தைக் காட்டுவதற்காக மூலையில் நிற்கும் அந்தச் சின்ன உருவங்கள் இந்தப் புத்தகத்தில் பேசுகின்றன, சண்டை போடுகின்றன.

1985இல் பெட்ரா யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதே காலத்தில்தான் குகைகளில் வாழ்ந்த ப்தூல் மக்களை மேலே உம் சைஹூன் என்ற புது ஊருக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடமும் மின்சாரமும் கிடைத்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாம் போய் ‘ஆளற்ற இடிபாடுகளின் மௌனம்’ என்று எழுதும்போது, அந்த மௌனம் எப்படி வந்தது என்பதையும் அந்த வாக்கியம் தாங்க வேண்டும். காலையில் கீழே இறங்கி வந்து மணியும் தேநீரும் விற்றுச் சாயங்காலம் மேலே ஏறிப் போகிறவர்கள் அந்த வீட்டுக்காரர்களின் பிள்ளைகள்தான்.

இதையெல்லாம் அக்காவிடம் ஒரு மணி நேரம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். புதுத் திட்டம் பன்னிரண்டு நாள். அம்மான் மூன்று, அதில் ஒரு நாள் குசைர் அம்ராவும் அஸ்ரக்கும். மடபா ஒன்று. பாலை நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்தில் பெட்ரா போகலாம். நாங்கள் முஜிப் பள்ளத்தாக்கு வழியாகப் பழைய ராஜபாட்டையில் போகிறோம். கரக்கில் ஒரு இரவு. தானாவில் ஒன்று. பெட்ரா நான்கு. ரம் இரண்டு. சாக்கடலை விட்டுவிட்டேன். மிதந்து படம் எடுத்துக்கொள்ள அவளுக்கு ஆசையில்லை.

ஒரு சிக்கல்தான் தீரவில்லை. மடாலம். பெட்ராவின் மேற்குக் கோடியில், ஏறத்தாழ 800 படி மேலே. அக்காவால் முடியாது. கழுதை மேல் உட்கார்ந்து ஏறலாம் என்று ஏஜென்சிக்காரர் சொன்னார். அந்தப் படிகளில் கழுதைகள் படும் பாட்டைப் பற்றி விலங்கு நல அமைப்புகள் எழுதியதைப் படித்திருக்கிறேன். படிகளும் தேய்கின்றன. ஆனால் கழுதை ஓட்டுவதுதான் அந்தப் பிள்ளைகளின் சாப்பாடு. நான் எந்தப் பக்கமும் முடிவு சொல்ல முடியாமல் இழுத்தேன்.

“நான் கீழயே இருந்துக்கறேன்லே. நீ ஏறிப் போய்ப் பாத்துட்டு வா. எனக்கு அந்த வாய்க்கால் போதும். எங்க ஆரம்பிச்சு எங்க போய் முடியுதுன்னு ரெண்டு நாளா நடந்து பாக்கேன்.”

பெட்ரா நான்காம் நாளுக்கு நேராக எதையும் எழுதாமல் விட்டிருந்தேன். அவள் திருப்பி அனுப்பிய தாளில் அந்த இடத்தில் பென்சிலால் ‘சும்மா’ என்று எழுதியிருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். “அந்த ஆடு என்னலே ஆச்சு? சமாதி வரைக்கும் போய்ச் சேந்துதா இல்லையா?”

சேரவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, பர்க்ஹார்ட்டுக்கும் அலுப்பு. சமாதி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மலையடியிலேயே அறுத்துவிட்டார்கள். தீ வெளிச்சம் பார்த்துத் திருடர்கள் வந்துவிடுவார்களோ என்று வழிகாட்டி பயந்ததால் கறியையும் அவசர அவசரமாகத்தான் சமைத்தார்கள் என்றேன்.

“நேந்துகிட்டது பொய்யா இருந்தாலும், மேல வரைக்கும் கொண்டு போயிருக்கலாம்” என்றாள்.

அந்த மலைக்குப் போக வர ஒரு முழு நாள் ஆகும். பெட்ரா நாட்களில் அதற்கு இடம் இருக்கிறதா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.