பதினான்கு கோழிக்கு ஒரு மரகதம்

கேமில் ஒரு கற்பனை ஊரைக் கட்டுகிறவர்கள் முதலில் மதுக்கடையைக் கட்டுவார்கள். அடுத்தது கொல்லன் பட்டறை, பிறகு மருந்துக்கடை, கோயில், அரண்மனை. ரோல்-ப்ளேயிங் கேம்களில் சனி ஞாயிறைத் தொலைத்தவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். கொல்லனுக்கு ஒரு பெயர் இருக்கும், முன்கோபம் இருக்கும், காணாமல்போன மகன் ஒருவன் இருப்பான், அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை நம் தலையில் விழும். கறிக்கடைக்காரருக்கு மட்டும் ஒரு மேஜை, அதன் மேல் நாலு தொடை. அவ்வளவுதான்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் கற்பனை ஊர் என்பது, எந்த வேலையைக் கதையாகப் பார்க்கலாம், எதைப் பார்க்காமல் தாண்டிப் போகலாம் என்று ஒருவர் போட்டுவைத்த பட்டியலும்கூட. அந்தப் பட்டியலில் கறிக்கடை எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாடியவர்களுக்கு வொயிட்ரன் சொந்த ஊர் மாதிரி. அதன் சந்தையில் அனோரியாத் என்பவர் கறி விற்கிறார். அவருடைய சகோதரர் எல்ரிண்டிர், ஊர் வாசலுக்குப் பக்கத்தில் ‘ட்ரங்கன் ஹண்ட்ஸ்மேன்’ கடையை நடத்துகிறார். ஒருவர் வேட்டைக்குப் போய் வந்து கறி விற்க, இன்னொருவர் கடையில் உட்கார்ந்து வில், அம்பு விற்கும் குடும்பத் தொழில். இருவரும் மர எல்ஃப் இனத்தவர், வேலன்வுட் காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இந்த விளையாட்டுத் தொடரின் தொன்மக்கதைப்படி மர எல்ஃப்களுக்கு ‘பச்சை ஒப்பந்தம்’ என்று ஒரு மத விதி உண்டு. தங்கள் காட்டின் செடி கொடிகளுக்கு எந்தத் தீங்கும் செய்யக் கூடாது, இறைச்சியையே உண்ண வேண்டும். நம் ஊர் சைவத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது மாதிரி. கீரை பறித்தால் பாவம், கறி தின்றால் ஆசாரம். அப்படிப்பட்ட மரபில் வந்த ஒருவர், சந்தையில் பழம் விற்கும் கார்லோட்டாவுக்குப் பக்கத்தில் கடை போட்டிருக்கிறார். ஒரு நாவலாசிரியர் கையில் இது கிடைத்தால் விடுவாரா? தினமும் காலையில் அந்த ஆப்பிள் கூடையைப் பார்க்கும்போது அனோரியாத்துக்கு என்ன தோன்றும்? ஊரைவிட்டு வந்த பிறகு ஆசாரம் என்ன ஆகும்? இதெல்லாம் நூலகப் புத்தகங்களிலும் விக்கிப் பக்கங்களிலும் கிடக்கிறது. கடையில் வந்து நின்றால் நமக்குக் கிடைப்பது வாங்கு, விற்பனை செய் என்ற ஒரு பட்டியல்தான்.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இதன் காரணம் எனக்குப் புரிகிறது. கொல்லனுக்கும் மருந்துக்காரருக்கும் கறிக்காரருக்கும் ஒரே நிரல்தான், சரக்கு மட்டும் வேறு. ஸ்கைரிம் வணிகர்களின் சரக்கு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கப்படும். கறி கெட்டே போகாது. முந்தா நாள் வாங்கிய ஆட்டுக்காலைப் பையில் போட்டுக்கொண்டு ஆறு மாதம் டிராகன் வேட்டையாடலாம்.

இப்போது புதுச்சேரிக்கு வருவோம். நெல்லித்தோப்புப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. அப்பா புளியங்கட்டை முன்னால் கத்தியோடு, பெரிய மகன் தராசில், சின்னவன் ஈரலையும் சுவரொட்டியையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு. இந்தக் கடையின் சரக்கை 48 மணி நேரக் கணக்கு தீர்மானிப்பதில்லை. புரட்டாசியில் கூட்டம் பாதியாகும். அமாவாசை, கிருத்திகையில் ஈ ஓட்ட வேண்டும். காந்தி ஜெயந்திக்கு ஷட்டர் இறங்கும். தீபாவளி அன்று விடியும் முன்பே வரிசை தெருமுனையைத் தாண்டும். காலண்டரே இல்லாமல், இந்தக் கடையைப் பார்த்தே ஊரில் இன்று என்ன நாள் என்று சொல்லிவிடலாம். எத்தனை மதங்கள், எத்தனை விரதங்கள், யார் வீட்டில் காது குத்து என்பதெல்லாம் அந்தக் கட்டையின் மேல் வந்து கணக்காகும்.

இன்னொன்று, கடையின் ஞாபகம். “அப்பாவுக்குக் கொழுப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல தம்பி, சாப்ஸ் வேணாம், தொடையில போடறேன்” என்று பாய் சொல்கிறார். அது எந்த இன்வென்டரியிலும் இல்லாத தகவல். முடியாததைக் கேட்கவில்லை. 2018இல் வந்த ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ விளையாட்டில் உணவு அழுகும், பேரம் பேசலாம், கடைக்காரர் நம்மைப் பற்றி ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பார். செய்ய நினைத்தால் செய்யலாம்.

நினைப்பதில்தான் சிக்கல். மேஜையைத் தாண்டிக் கறிக்காரருக்குக் கற்பனை உலகம் கொடுத்த பெரிய வேடம் பேய் வேடம். 1990களின் ‘டயப்லோ’வில் தேவாலயத்துக்கு அடியில், இரண்டாவது தளத்தில், பிணங்கள் நிறைந்த அறையில் கத்தியோடு காத்திருக்கும் அசுரனுக்குப் பெயரே ‘புட்சர்’தான். 2012இலும் 2023இலும் அடுத்தடுத்த பாகங்களில் திரும்பி வந்தான். ஒரு தொழிலின் பெயர் போதும், பயம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. கொல்லன் செய்யும் வாளால் நாம் ஆயிரம் பேரை வெட்டுகிறோம், அவன் நல்லவன். ஆடு வெட்டுகிறவர் அசுரன்.

நம் மரபு மட்டும் பெரிய ஒழுங்கா? “கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா” என்ற வசனம் எல்லாருக்கும் தெரியும். அதன் மூலக்கதை மகாபாரதத்தின் வன பருவத்தில் இருக்கிறது. அச்சு அசல் ஒரு குவெஸ்ட். பார்வையாலேயே கொக்கைக் கொன்ற கௌசிகர் என்ற பிராமணரை, ஒரு வீட்டுப்பெண் மடக்கி, மிதிலைக்குப் போய் ஒரு கறிக்கடைக்காரரைப் பார் என்று அனுப்புகிறாள். கடையில் நல்ல கூட்டம். கௌசிகர் ஓரமாக நிற்கிறார். தர்மவியாதர் எழுந்து வந்து, நீங்கள் யார் சொல்லி வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும் என்கிறார். வீட்டுக்கு அழைத்துப்போய்த் தன் வயதான பெற்றோரைக் காட்டுகிறார். அப்பா, தாத்தா வழி வந்த தொழில் என்கிறார். குடும்பக் கறிக்கடையை ஞானத்தின் இடமாக வைத்த கதை உலகத்தில் வேறெங்கே இருக்கிறது!

ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. அவர் தன் கையால் கொல்வதில்லையாம், பிறர் கொன்றதை விற்கிறாராம். கறி தின்பதும் இல்லையாம். போன பிறவியில் பிராமணராக இருந்து, ஒரு முனிவர் மேல் அம்பு விட்டுச் சாபம் வாங்கியவராம். அதாவது, கறிக்காரரை மதிப்பதற்கு முன்னால் அவரிடமிருந்து கத்தியை வாங்கிவைத்துவிட்டு, ஒரு பழைய பிறவியைக் கொடுத்துவிட்டார்கள். தொழில் ஞாபகத்தில் இருக்கிறது, ஆனால் பிறப்போடு சேர்த்துக் கட்டிய ஞாபகம்.

‘மைன்கிராஃப்ட்’ இதற்கு நேர் எதிர். அங்கே வெள்ளை ஏப்ரன் கட்டிய கறிக்காரர் ஊருக்கு ஊர் உண்டு. பதினான்கு பச்சைக் கோழிக்கு ஒரு மரகதம் தருவார். தர்மவியாதர் மாதிரி இவரும் கொல்வதில்லை. அதை நாம் செய்துவிட்டு வருகிறோம். 2019இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ‘ஸ்மோக்கர்’ என்ற அடுப்பு எந்த வேலையில்லாதவருக்குக் கிடைக்கிறதோ அவர் கறிக்காரர் ஆகிவிடுவார். அவருடைய குழந்தை வளர்ந்து, காலியாக இருக்கும் வேறு வேலையை எடுத்துக்கொள்ளும். அப்பன் தொழில் என்ற பேச்சே இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. சாதி இல்லாத ஊரை ஸ்வீடன்காரர்கள் யோசிக்காமலேயே கட்டிவிட்டார்கள். ஆனால் அந்த ஊரில் யாருக்கும் யாரையும் தெரியாது. எந்த எலும்பில் நல்லி இருக்கும் என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நடுவில் நமக்கு ஒருவர் இருக்கிறார். பெரியபுராணத்தின் கண்ணப்பர். திண்ணனார் வேட்டையாடுகிறார், நெருப்பில் வாட்டுகிறார், வாயில் இட்டு ருசி பார்த்து நல்ல துண்டாகப் பொறுக்கி இலையில் வைத்துக் காளத்திநாதருக்குக் கொண்டுபோகிறார். சிவகோசரியார் எலும்பைப் பார்த்துப் பதறுகிறார். இறைவனோ, அந்த அன்பைப் பார் என்று அவர் கனவில் வந்து சொல்கிறார். திண்ணனாரைக் கத்தியைக் கீழே போடச் சொல்லவில்லை. எந்தத் துண்டு நல்ல துண்டு என்கிற அறிவு கறிக்கடைக்காரரின் அறிவுதான். சேக்கிழார் அதையே பக்தி என்றார்.

போன மாதம் பெரிய மகன் துபாய்க்கு விண்ணப்பித்திருப்பதாகப் பாய் சொன்னார். அவர் முகத்தில் வருத்தமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. பையன் போக வேண்டும், போகிற உரிமை அவனுக்கு இருக்க வேண்டும். யாருக்கு எது ஆகாது என்ற அந்த ஞாபகமும் யார் கைக்காவது போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்ட ஒரு ஊரை இதுவரை எந்த விளையாட்டும் கட்டவில்லை. அடுத்த ஸ்கைரிமில் எனக்கு இன்னும் பெரிய டிராகன் வேண்டாம். இரண்டாவது முறை போகும்போது, அனோரியாத் கேட்காமலே தொடையில் போட்டுக் கொடுத்தால் போதும்.