வென்ற ஆட்டத்தை மறுபடி ஆடாதவர்

பிரிட்டன், அயர்லாந்து கலைஞர்கள் வெளியிடும் ஆல்பங்களில் ஆண்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து மெர்குரி பரிசு தருகிறார்கள். 1992-இல் தொடங்கிய அந்தப் பரிசை இதுவரை இரண்டு முறை வென்றவர் ஒரே ஒருவர்: பாலி ஜீன் ஹார்வி, மேடையில் பி.ஜே. ஹார்வி. முதல் வெற்றி 2001-இல், அடுத்தது 2011-இல். அந்த இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, பாடியவர் ஒருவர்தான் என்று சட்டென்று பிடிபடாது. முதலாவதில் நியூயார்க் நகரின் பரபரப்பு, பளிச்சென்ற எலெக்ட்ரிக் கிதார், நெஞ்சைத் திறந்து பாடும் குரல். இரண்டாவதில் ஆட்டோஹார்ப் என்ற பழைய தந்தி வாத்தியம், மெலிந்த உச்சக் குரல், 1915-இல் கல்லிப்போலிப் போர்முனையில் மடிந்த சிப்பாய்கள். பத்து ஆண்டுகள் ஃபார்மைத் தக்கவைத்துக்கொண்டார் என்று இதற்கு விளக்கம் சொன்னால் பாதிதான் சரி. எந்த ஃபார்மில் வென்றாரோ அதைக் கைவிட்டதால்தான் மறுபடியும் வென்றார் என்பது என் கட்சி.

ஆரம்ப ஸ்கோர்கார்டிலேயே இதற்குத் தடயம் இருக்கிறது. ஹார்வி 1969-இல் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டோர்செட் வட்டாரத்தில் பிறந்தவர். அப்பாவுக்குக் கல் தொழில், அம்மா சிற்பி. 1988-இல் ஜான் பாரிஷின் குழுவில் சேர்ந்து கிதார் வாசித்துப் பழகிய பிறகு, 1991-இல் மூன்று பேர் கொண்ட சொந்தக் குழுவை அமைத்தார். முதல் ஆல்பம் ‘டிரை’ 1992-இல் வந்து விமர்சகர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த ஆல்பங்களின் பட்டியலில் அதை எழுதிவைத்திருந்தார். 1993-இல் ஸ்டீவ் அல்பினி பதிவு செய்த ‘ரிட் ஆஃப் மீ’ பிரிட்டன் பட்டியலில் 3-ஆம் இடம் பிடித்தது. முணுமுணுப்பில் தொடங்கி, முன்னறிவிப்பில்லாமல் வெடிக்கும் இசை அது. ஒலி மிகக் கரடுமுரடாக இருக்கிறது, பாட்டு இரைச்சலில் அமுங்கிவிட்டது என்ற புகாரும் எழுந்தது. அதே ஆண்டிலேயே, வீட்டில் நான்கு டிராக் ரெக்கார்டரில் தனியாகப் பதிந்த முன்வரைவுகளை ஒரு ஆல்பமாக வெளியிட்டார். ‘ரிட் ஆஃப் மீ’ பாட்டுகள் பலவும் அதில் இருந்தன. டிரம்ஸும் ஸ்டுடியோவும் இல்லாமலேயே அவை நின்றன. பலம் இரைச்சலில் இல்லை, எழுத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர், வெற்றி கண்ட அந்த மூவர் குழுவை அந்த ஆண்டே கலைத்துவிட்டார்.

1995-இல் ‘டு பிரிங் யூ மை லவ்’ வந்தபோது, அவரை அடையாளப்படுத்திய கிதாரைப் பெரும்பாலும் மற்றவர்கள் கையில் கொடுத்துவிட்டு, கனத்த ஒப்பனையோடு மேடை நடுவில் வெறும் பாடகியாக நின்றார். 2004-இல் இதற்கு நேர் எதிர். டிரம்ஸ் தவிர மற்ற எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து ஒரு ஆல்பம் செய்தார். 2007-இல் வந்த ‘வைட் சாக்’ இன்னும் துணிச்சலானது. கிதாரை ஓரமாக வைத்துவிட்டு, அதிகம் பழகியிராத பியானோவில் பாட்டுகளை எழுதினார். குரலையும் அடிவயிற்றிலிருந்து கிளம்பும் கரகரப்பிலிருந்து விலக்கி, தனக்குச் சுலபமில்லாத உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பழகிய வாத்தியத்தில் விரல்கள் முன்பே போன தடத்துக்குத் தாமாகவே போய் விழும், மெட்டும் அந்தத் தடத்திலேயே வரும். பழகாத வாத்தியத்தில் ஒவ்வொரு சுரத்தையும் யோசித்துத்தான் தொட வேண்டும். கையிலிருக்கும் சுலபமான வழியை அடைத்துவிட்டுத் தன்னைத் தானே நெருக்கடிக்கு உள்ளாக்கிக்கொள்வதுதான் ஹார்வியின் பயிற்சி முறை. இதை மனம்போன போக்கு என்று சொல்லிவிட முடியாது.

அந்தப் பயிற்சியின் பலன் 2011-இல் ‘லெட் இங்கிலாந்து ஷேக்’ ஆல்பத்தில் தெரிந்தது. முதலில் வார்த்தைகளை மட்டும் நீண்ட காலம் எழுதித் திருத்தினார், மெட்டு பிறகுதான் வந்தது. ஒலிப்பதிவு டோர்செட்டில் ஒரு பழைய தேவாலயத்தில் நடந்தது. பாட்டுகள் முழுக்கப் போர், பிணம், சேறு. குரலோ கிட்டத்தட்ட இதமானது. பழைய ஹார்வியாக இருந்திருந்தால் இந்தச் சொற்களை அலறித் தீர்த்திருப்பார், கேட்பவர் அலறலை ரசித்துவிட்டுப் போயிருப்பார். ‘வைட் சாக்’கில் தேடிப் பிடித்த மெல்லிய குரல் இங்கே, பார்த்ததை உணர்ச்சி கலக்காமல் சொல்லும் சாட்சியின் குரலாகிறது. ஒரு பாட்டின் நடுவே குதிரைப்படையின் எக்காளம் கேட்கிறது. அது பாட்டின் தாளத்துக்கும் சுருதிக்கும் பொருந்தாமல் குறுக்கே வந்து விழுகிறது, திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார். அந்த ஒரு பிசிறு, தேசப் பெருமையைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதை எந்த வரியைவிடவும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

இதற்கு முதல் மறுப்பு எண்களின் வடிவில் வரும். ‘டு பிரிங் யூ மை லவ்’ வந்த அதே 1995-இல் கனடாவின் அலானிஸ் மோரிசெட் வெளியிட்ட ‘ஜாக்டு லிட்டில் பில்’ உலகெங்கும் 3 கோடிக்கும் மேல் விற்றது. ஹார்வியின் எந்த ஆல்பமும் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. வென்ற பாணியை மாற்றாமல் இருந்திருந்தால் கூட்டம் கூடியிருக்கும், ரசிகர்களைத் திரும்பத் திரும்ப உதறியதுதான் இவர் செய்தது என்று வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் கூட்டத்தைக் கொண்டுவந்த ஒலியையே பற்றிக்கொண்டிருந்தால் கூட்டமும் நிலைக்கும் என்பதற்குத் தொண்ணூறுகளின் ராக் வரலாறு சாட்சி சொல்லவில்லை. அன்று கொடிகட்டிப் பறந்த குழுக்களில் பல இன்று பழைய பாட்டுகளை வாசித்துத்தான் அரங்கை நிரப்புகின்றன. ஹார்வியின் ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் முதல்முறையாக முதலிடத்தைத் தொட்டது 2016-இல், அறிமுகமாகி 24 ஆண்டுகள் கழித்து. மெதுவாக ஏறும் வரைபடம், சரி. ஆனால் ஏறியது.

ஆண்டுக்கொரு வேடம் போடுவது பாப் இசையில் புதிதா, டேவிட் போவியும் மடோனாவும் செய்யாததா என்பது அடுத்த கேள்வி. வேடம் மாறும்போது கூட இருப்பவர்களும் மாறுவது அங்கே வழக்கம். இங்கே அப்படியில்லை. 1988-இல் குழுவில் சேர்த்துக்கொண்ட ஜான் பாரிஷ் இன்றுவரை உடன் இருக்கிறார். ஃப்ளட் என்ற பெயரில் அறியப்படும் தயாரிப்பாளர் 1995-இலும் இருந்தார், 2023-இலும் இருந்தார். ஒரு முறையில் தேறியவரை அதைவிட்டு வெளியே இழுத்துப் போக, அவருடைய பலவீனம் தெரிந்த ஆட்கள் அருகில் வேண்டும். புதிய ஸ்டைலுக்குப் புதிய பயிற்சியாளரைத் தேடி ஓடும் விளையாட்டு வீரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

சறுக்கல் இல்லாமல் இல்லை. முதலிடம் பிடித்த அந்த 2016 ஆல்பம், ‘தி ஹோப் சிக்ஸ் டெமாலிஷன் புராஜெக்ட்’, என் கணக்கில் அவருடைய பலவீனமான முயற்சிகளில் ஒன்று. புகைப்படக் கலைஞர் சீமஸ் மர்ஃபியோடு கொசோவோ, ஆப்கானிஸ்தான், வாஷிங்டன் ஆகிய இடங்களுக்குப் போய்க் குறிப்பெடுத்து எழுதிய பாட்டுகள் அவை. லண்டனின் சாமர்செட் ஹவுஸில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்வையாளர்கள் நின்று பார்க்க ஒலிப்பதிவு நடந்தது. வாஷிங்டனின் ஏழைப் பகுதியைப் பற்றிய பாட்டுக்கு அந்த ஊர் அரசியல்வாதிகளே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒரு பத்திரிகையாளர் காரில் சுற்றிக்காட்டியதைப் பார்த்துவிட்டு எழுதியது என்பது பாட்டிலும் தெரிகிறது. குறிப்பு குறிப்பாகவே நின்றுவிட்டது. இது என் வாதத்தை உடைக்கிறதா? உடைக்கவில்லை, எல்லை போடுகிறது. மாறினால் மட்டும் போதாது, மாறிய இடத்தில் போதிய காலம் தங்கவும் வேண்டும். கல்லிப்போலிக்குக் கிடைத்த அவகாசம் வாஷிங்டனுக்குக் கிடைக்கவில்லை. அதன் பிறகு அவர் சொந்த மண்ணுக்குத் திரும்பி, டோர்செட் வட்டார வழக்கில் ‘ஓர்லம்’ என்ற நெடுங்கவிதையை 2022-இல் வெளியிட்டார். அதன் சொற்களைக் கொண்டே 2023-இல் அடுத்த ஆல்பம் வந்தது, அதில் குரல் மறுபடியும் வேறு.

பரிசு பெற்ற இரண்டு ஆல்பங்களும் சிறந்தவை, சந்தேகமில்லை. ஆனால் இந்த நீண்ட ஆட்டத்தின் திருப்புமுனை எது என்று கேட்டால், பரிசு எதுவும் பெறாத ‘வைட் சாக்’கையே சொல்வேன். புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் ‘ரிட் ஆஃப் மீ’யைக் கேட்ட கையோடு அதையும் கேளுங்கள், அரை மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும்.