மேசைமேல் விரியும் கதைகள்

பரமபதத்தில் தாயம் விழுந்தபடி காய் நகரும். அங்கே சொல்லுக்கு வேலையில்லை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் படைத்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்திலோ சொல்லே காய். ஒருவர் சூழலை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்றுத் தம் செயலை உரைப்பர். ஐயம் எழுமிடத்துப் பகடை தீர்ப்பளிக்கும். இதற்கென எழுந்த கதைகளுள் இரண்டை ஈண்டு நோக்குவோம்.

கைகாக்ஸ் 1978இல் வெளியிட்ட ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ பொறிகள் நிறைந்த கல்லறை. சுவரில் வாய் பிளந்து நிற்கும் பச்சை முகத்துள் புகுந்தவர் மீளார். மதிநுட்பத்தைச் சோதிப்பதில் இதற்கு இணை அரிது. ஆயினும் உரையாடுதற்கு மாந்தர் அரியர். கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் எழுதி 2022இல் வந்த ‘இன் தி மிஸ்ட்ஸ் ஆஃப் மணிவர்ஷா’ வங்க மண்ணின் சாயல் கொண்டது. ஆறும் ஆற்றுத் தெய்வங்களும் அதன் உயிர். கதைப்போக்கு முன்பே வகுத்த பாதையில் செல்வது குறையே. எனினும் மண்ணின் மணத்தால் நம்மை ஈர்ப்பது இதுவே.

அணுசக்தி நகரில் வளரும் நம் பிள்ளைகள் தமிழைக் கேட்டு உணர்கின்றனர், பேசத்தான் கூசுகின்றனர். இவ்வாட்டத்திலோ வாய் திறவாதவர்க்குக் கதவும் திறவாது. வங்கத்து ஆறு மேசைக்கு வந்தது. நம் பொருநை வருவதெப்போது? அந்நூலை எழுதும் கை நம் குடியிருப்பிலிருந்தே எழுக!