சேறு, பேன், சூப்பு: ஒரு சிப்பாயின் நோட்டுகளில் வீட்டைத் தேடி

போர் எழுத்துக்குள் பெண் நுழைவதற்கு மூன்று வாசல்கள்தான் திறந்திருக்கின்றன. அவள் வழியனுப்பும் தாயாக இருக்கலாம், காத்திருக்கும் மனைவியாக இருக்கலாம், காயத்துக்குக் கட்டுப்போடும் செவிலியாக இருக்கலாம். பதுங்குகுழியிலிருந்து எழுதப்பட்ட நாட்குறிப்புக்கு இந்த வாசல்களும் கிடையாது. அது முழுக்க ஆண்களின் வெளி, அங்கே பெண்ணியத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. முதல் உலகப்போரின் மிக முக்கியமான சிப்பாய்க் குறிப்புகளில் ஒன்றை இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே வாசித்தேன். பெண் இல்லாத அந்தக் குழிக்குள் பக்கத்துக்குப் பக்கம் நடப்பது வீட்டுவேலை என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

லூயி பர்தாஸ் தெற்கு பிரான்சில் பெய்ரியாக்-மினெர்வுவா என்ற ஊரைச் சேர்ந்தவர். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. மதுவுக்கான மரப்பீப்பாய் செய்வது அவர் தொழில். சோசலிஸ்ட், தொழிற்சங்கக்காரர், இரண்டு மகன்களின் தகப்பன். 1914 ஆகஸ்டில் படைக்கு அழைக்கப்பட்டபோது வயது 35. ஆர்த்துவா, வெர்தன், சோம், ஷாம்பாஞ் என்று ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் போர்முனைகளில் கழித்துவிட்டு, 1919 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தில் எடுத்திருந்த குறிப்புகளைக் கொண்டு, ஊர் திரும்பியபின் 19 பள்ளிக்கூட நோட்டுகளில் எல்லாவற்றையும் எழுதினார். இடையிடையே அஞ்சலட்டைப் படங்களை ஒட்டினார். அவர் 1952இல் இறந்தார். நோட்டுகள் குடும்பத்திலேயே கிடந்தன. வரலாற்றாசிரியர் ரெமி கஸால்ஸின் முயற்சியில் 1978இல் மஸ்பெரோ பதிப்பகம் அவற்றை நூலாக்கியது. 2014இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது.

அந்த நோட்டுகளில் சண்டைக்காட்சிகள் உண்டு. ஆனால் வாசித்து முடித்தபின் நினைவில் நிற்பவை வேறு. சூப்பு வருமா, வந்தாலும் சூடாக வருமா என்ற கவலை. குண்டுமழைக்கு நடுவே பாத்திரங்களைச் சுமந்துகொண்டு வரும் ஆட்கள். சட்டை மடிப்பில் பேன். ரொட்டியைக் கடிக்கும் எலி. இடுப்புவரை ஏறும் சேறு. ஈரத்துணி. ஆறு பேர் படுக்க வேண்டிய வளைக்குள் பத்துப் பேருக்கு இடம் பிரிப்பது. சமைப்பது, பங்கிடுவது, துவைப்பது, தைப்பது, பேன் பார்ப்பது, நோயாளியைக் கவனிப்பது, பிணத்தை அடக்குவது என்று நாள் போகிறது. வீட்டுக்குள் நடந்தால் இவற்றுக்குப் பெயரோ கூலியோ இல்லை. இதே வேலைகளைப் பதுங்குகுழியில் ஆண்கள் செய்யும்போது அது சிப்பாயின் துயர வாழ்க்கையாகப் பதிவாகிறது, பின்னர் ஆவணமும் ஆகிறது.

இங்கே நாட்குறிப்பு என்ற வடிவத்தின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்றாடத்தை எழுதுவது பெண்களின் சிறிய எழுத்து என்று விமர்சகர்கள் வெகுகாலம் ஒதுக்கிவைத்திருந்தார்கள். சாப்பாடு, உடல்நலம், தூக்கம், வானிலை எல்லாம் இலக்கியம் ஆகுமா என்று கேட்டார்கள். அதே சாப்பாட்டையும் தூக்கத்தையும் சீருடை அணிந்த ஒருவர் எழுதியபோது அந்தச் சந்தேகம் எழவில்லை. ஒரு போரையே விளங்கிக்கொள்ள அந்த எழுத்து ஆதாரமாயிற்று. ஆக, அன்றாடம் என்பதன் மதிப்பு அதை எழுதுபவரின் பாலைப் பொறுத்து மாறியிருக்கிறது.

இந்த மதிப்பீட்டுக்கு ஒரு விதிமுறையே வகுக்கப்பட்டது. பதுங்குகுழியில் இருந்தவரான ழான் நோர்தோன் க்ரூ, 1929இல் 'சாட்சிகள்' என்ற பெரும் ஆய்வை வெளியிட்டார். சுமார் 300 போர்நூல்களை அலசி, எது உண்மை, எது புனைவு என்று தரம் பிரித்தார். போர்முனையில் உடலால் இருந்தவரே சாட்சி என்பது அவருடைய அளவுகோல். தளபதிகளின் பொய்களையும் பத்திரிகைகளின் வீரக்கதைகளையும் உடைக்க அது தேவைப்பட்டது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே அளவுகோல் பெண்களையும் வெளியே நிறுத்தியது. போரால் சிதைந்த உடலைத் தினமும் கையால் தொட்டவள்கூட அதன்படி போருக்குச் சாட்சி ஆகமாட்டாள்.

அப்படித் தொட்டவர்கள் எழுதாமலும் இல்லை. மேரி போர்டன் என்ற அமெரிக்கப் பெண் தன் சொந்தப் பணத்தில் பெல்ஜியத்தின் போர்முனைக்கு அருகே மருத்துவமனை நடத்தினார். அங்கே செவிலியாக வேலை செய்த எலன் லா மோட், 1916இல் 'போரின் கழிவலை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். தற்கொலைக்கு முயன்ற ஒரு சிப்பாயை மிகுந்த சிரமப்பட்டுப் பிழைக்கவைக்கிறார்கள், பிழைத்ததும் விசாரித்துச் சுட்டுக்கொல்வதற்காக. அந்த நூல் இப்படித்தான் தொடங்குகிறது. மனைவிகள் போர்ப்பகுதிக்கு வந்தால் சிப்பாயின் மனம் தளரும் என்று தடுக்கும் ராணுவம், பாலியல் தேவைக்காக மற்றப் பெண்களை அனுமதிப்பதன் கணக்கையும் அவர் எழுதினார். நூல் பிரிட்டனிலும் பிரான்சிலும் உடனே தடுக்கப்பட்டது. 1918இல் அமெரிக்காவிலும் விற்பனை நிறுத்தப்பட்டது. பர்தாஸின் நோட்டுகளும் லா மோட்டின் நூலும் ஒரே போரின் ஒரே பொய்யைத்தான் தோலுரிக்கின்றன. வகுப்பறையில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்க வேண்டும் என்பது என் வாதம். செவிலியின் நூலைப் பின்னிணைப்பாகத் தள்ளக் கூடாது.

இனி, பர்தாஸின் நோட்டுகளுக்குள் இருக்கும் மௌனத்துக்கு வருவோம். தோழர்களின் பெயர்கள், அவர்கள் ஊர், அவர்கள் இறந்த விதம் எல்லாவற்றையும் அக்கறையோடு எழுதுகிறார். நம் துன்பத்தில் எதையும் மறைக்காமல் எழுது என்று அந்தத் தோழர்களே கேட்டுக்கொண்டதையும் பதிவு செய்கிறார். ஆனால் மனைவியைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. அவர் இல்லாத ஆண்டுகளில் அந்த வீடு எப்படி ஓடியது?

அந்தக் கேள்விக்குப் பதில் நோட்டுகளுக்கு வெளியேதான் கிடைக்கிறது. 1914 ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிரதமர் விவியானி பிரான்சின் பெண்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தார். அறுவடையை முடியுங்கள், திராட்சைப் பறிப்புக்குத் தயாராகுங்கள் என்பது அதன் சாரம். குடும்பத்தலைவன் படைக்குப் போன ஏழைக் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 1.25 பிராங்க், ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சென்டிம் உதவித்தொகை என்று சட்டம் வந்தது. பர்தாஸின் பகுதி திராட்சையை நம்பி வாழ்ந்த பகுதி. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் பழம் பறிக்கப்பட்டது, மது பீப்பாய்க்குள் போனது. அதைச் செய்தவர்களில் பெண்களும் சிறுவர்களும் கிழவர்களுமே மிகுதி. அவர்களுடைய 19 நோட்டுகள் எங்கே என்று நான் பர்தாஸைக் கேட்கவில்லை. எழுத நேரம், எழுதியதைக் காப்பாற்ற ஒருவர், வெளியிட ஒரு பதிப்பகம் என்ற மூன்றும் யாருக்குக் கிடைக்கின்றன என்பதே என் கேள்வி.

நோட்டுகளில் மிகவும் புகழ்பெற்ற பகுதி 1915 டிசம்பரில் நடக்கிறது. விடாத மழையில் நெவில்-சேன்-வாஸ்ட் அருகே இருபக்கப் பதுங்குகுழிகளும் வெள்ளத்தில் மூழ்குகின்றன. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் மேலே ஏறிவந்து ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், புன்னகைக்கிறார்கள், புகையிலையைப் பரிமாறிக்கொள்கிறார்கள். ஒரு ஜெர்மானியன் பேசிவிட்டுத் தன் துப்பாக்கியை அடித்து உடைக்கிறான். இந்தச் சகோதரத்துவத்துக்கு என்றாவது இங்கே ஒரு நினைவுச்சின்னம் எழும்புமா என்று பர்தாஸ் ஏங்குகிறார். சரியாக நூறாண்டு கழித்து, 2015 டிசம்பரில் அது எழும்பியது. மனதை உலுக்கும் பகுதிதான். ஆனால் அதே 1915இன் ஏப்ரல் இறுதியில், போரிடும் நாடுகள், போரிடாத நாடுகள் இரண்டிலிருந்தும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் ஹேக் நகரில் கூடிப் போரை நிறுத்தச் சொன்னார்கள். எல்லை கடந்த நேசத்தை அவர்கள் திட்டமிட்டு, தீர்மானமாக எழுதி, அரசுகளின் வாசல்வரை கொண்டுபோனார்கள். பத்திரிகைகள் அவர்களைக் கேலி செய்தன. ஆண்கள் தற்செயலாகக் கைகுலுக்கியது காவியமாயிற்று. பெண்கள் யோசித்துக் கைகோத்ததை வேடிக்கையாக்கிவிட்டார்கள்.

1917 மே மாதத்துக்கு வருவோம். பெரும் தாக்குதல் ஒன்று தோற்று, பிரெஞ்சுப் படையில் கலகம் வெடிக்கிறது. பர்தாஸின் படைப்பிரிவிலும் சிப்பாய்கள் ஒரு சோவியத் அமைத்து, அவரைத் தலைமை ஏற்கச் சொல்கிறார்கள். அவர் மறுத்துவிடுகிறார், ஆனால் விடுப்பு தாமதமாவதைக் கண்டித்து அறிக்கை எழுதித் தருகிறார். விடுப்பு என்றால் வீட்டுக்குப் போவது. அதே மே மாதத்தில் பாரிஸின் தையல்கடைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசிப் படியும் சம்பளத்தோடு சனிக்கிழமை அரைநாள் ஓய்வும் கேட்டார்கள். ஜூன் 11 அன்று அந்த அரைநாள் சட்டமாயிற்று. இந்தப் பெண்கள்மீது இந்தோசீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட துருப்புகள் சுட்டதாக ஒரு வதந்தி போர்முனையில் பரவி, கலகத்துக்கு எண்ணெய் ஊற்றியது. நம் பெண்களை அந்நியன் சுடுகிறான் என்ற அந்தக் கோபத்தில் பாசமும் இருந்தது, உடைமை உணர்வும் இனவெறியும் கலந்திருந்தன.

இரண்டு தரப்பும் கேட்டது நேரத்தைத்தான். ஆனால் ஆணுக்கு வீடு ஓய்வெடுக்கும் இடம். தையற்காரிக்குக் கிடைத்த சனிக்கிழமை பிற்பகலில் துவைக்காத துணியும் வாங்காத மளிகையும் காத்திருந்தன. இந்த வேறுபாட்டைப் பெரும்பாலான போர்நூல்கள் காணவே இல்லை.

கண்டவர் ஒருவர் உண்டு. எலென் ப்ரியோன் பள்ளி ஆசிரியை, சோசலிஸ்ட், பெண்ணியவாதி. போருக்கு எதிராகத் துண்டறிக்கை பரப்பியதற்காக 1918 மார்ச்சில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். எனக்கு அரசியல் உரிமையே தராத நாடு, என்மீது அரசியல் குற்றம் எப்படிச் சாட்டும் என்று கேட்டார். தான் போரை எதிர்ப்பதே பெண்ணியவாதி என்பதால்தான் என்றார். நிறுத்திவைக்கப்பட்ட மூன்றாண்டுத் தண்டனையும் வேலையிழப்பும் கிடைத்தன. பிரான்சின் பெண்களுக்கு வாக்குரிமை வர 1944 ஆயிற்று. பெண்களைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றுக்காக ப்ரியோன் ஆண்டுக்கணக்காகத் தொகுத்த நோட்டுகள் அவர் காலத்தில் அச்சேறவில்லை.

பர்தாஸைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றுவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. ஆபத்தான இடத்துக்குத் தன் ஆட்களை அனுப்ப மறுத்துப் பதவியிழந்தவர் அவர். வீரம், மானம், ஆண்மை என்ற சொற்களின்மேல் அவருக்கு மயக்கமே இல்லை. தன் பயத்தை ஒளிக்காமல் எழுதுகிறார். ஆண்மையின் கட்டுமானத்தை உள்ளிருந்து பிரித்துக்காட்டும் இப்படிப்பட்ட ஆண் எழுத்து நமக்குத் தேவை.

அதனால்தான் கடைசி நோட்டின் முடிவு என்னை நிறுத்திவைத்தது. வீடு திரும்பிய பர்தாஸ், முன்பு கவனிக்காமல் விட்டவற்றில் இப்போது இன்பம் காண்பதாக எழுதுகிறார். அடுப்படியில் உட்காருவது, தன் மேசையில் சாப்பிடுவது, தன் படுக்கையில் படுத்தபடி காற்றும் மழையும் ஜன்னலில் மோதுவதைக் கேட்பது. நெகிழவைக்கும் வரிகள். தான் முன்பு கவனிக்கவில்லை என்று ஓர் ஆண் சொல்ல ஒரு உலகப்போர் தேவைப்பட்டிருக்கிறது. அந்த அடுப்பை நாலரை ஆண்டுகள் அணையாமல் காத்தவளுக்கு அந்த வீடு எப்படித் தெரிந்தது என்பதை அவர் எழுதவில்லை. பழைய தகரப்பெட்டிகளிலும் கணக்கு நோட்டுகளிலும் தபால் கட்டுகளிலும் தேடினால் அதற்குப் பதில் கிடைக்கக்கூடும். தேடுகிறவர்கள் அவற்றையும் போர் ஆவணம் என்று பெயரிட்டு அடுக்க வேண்டும்.