படகின் முறுக்கைப் பிடிக்கும் பச்சைக் கோடு

மும்பை நாக்தேவி தெருவின் கருவிக் கடைகளில் ‘16 லைன்’ பச்சை லேசர் லெவல் தாராளமாகக் கிடைக்கிறது. டைல்ஸ் ஒட்டுபவர்களுக்கும் ஃபால்ஸ் சீலிங் போடுபவர்களுக்கும் ஏற்ற கருவி. செம்பூரில் எங்கள் கட்டடத்தின் கார் பார்க்கிங்கில் பிளைவுட் படகு கட்டும் நான், அதை வாங்கியது படகின் முறுக்கைக் கண்டுபிடிக்க.

நான் பின்பற்றுவது பலகைகளைத் தைத்து ஒட்டும் முறை. ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வடிவமைத்து, 1963-இல் இங்கிலாந்தில் அறிமுகமான ‘மிரர்’ என்ற 3.3 மீட்டர் பாய்மரப் படகுதான் இந்த முறையைப் பரவலாக்கியது. பலகை ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் எபாக்ஸி பூசி, கண்ணாடியிழை நாடா ஒட்ட வேண்டும். பெரிய அச்சுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. கம்பியில் மட்டும் நிற்கும் கூடு துணிப்பை போல எப்படி வேண்டுமானாலும் திருகிக்கொள்ளும். அணியத்தின் (முன்முனையின்) ஒரு மூலை ஒரு சென்டிமீட்டர் தூக்கி நின்றால்கூட வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. பசை இறுகிய பிறகு அறுத்துப் பிரித்தால்தான் உண்டு. அப்படியே விட்டால், படகு நேராக ஓடாமல் ஒரு பக்கமாக இழுக்கும்.

கூட்டின் நான்கு மூலைகளிலும் எஃகு ஸ்கேலை நிமிர்த்தி கிளாம்ப் போட்டுவிடுகிறேன். லேசர் சற்றுத் தள்ளி, ஸ்டாண்டில். பார்க்கிங் தரை மழைத்தண்ணீர் ஓடச் சரிவாகப் போட்டது. ஆனாலும் லேசருக்குள் தொங்கும் ஊசல் சில டிகிரி சாய்வு வரை தானே கோட்டை மட்டமாக்கிவிடுகிறது. முதலில் அமரத்தின் (பின்முனையின்) இரு மூலைகளும் ஒரே அளவு காட்டும்வரை ஆப்பு வைக்கிறேன். அதன்பின் அணியத்தின் இரு மூலைகளுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவும் முறுக்கு.

தாராவி 90 அடி சாலையிலிருந்து உதவிக்கு வரும் ஆசாரி முதலில் கேட்டது: “கோடே ரெண்டு மில்லி தடிமனா இருக்கே தம்பி, எந்த ஓரத்தப் பிடிக்கிறது?” நியாயமான கேள்வி. நான்கு ஸ்கேலிலும் கீழ் ஓரத்தையே படிக்க வேண்டும். அவர் கையிலிருக்கும் தண்ணீர் டியூப் லெவல் துல்லியத்தில் இதற்குக் குறைந்ததே இல்லை, விலையோ அற்பம். ஆனால் அதைப் பிடிக்கவே இரண்டு பேர் வேண்டும். முறுக்கு எடுக்கும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும்: கம்பிகளைத் தளர்த்தி, தாழ்ந்த மூலைக்கு ஆப்பு கொடுத்து, உயர்ந்த மூலையில் மணல் மூட்டை ஏற்றி, கம்பியை மறுபடி முறுக்க வேண்டும். அத்தனை நேரமும் பச்சைக் கோடு ஸ்கேலில் நிற்கிறது. மூலை இறங்குவதை அந்தந்த நொடியே பார்க்கலாம். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த பணம் தகும்.

அளவு சரியானதும் கம்பிகளுக்கு இடையே எபாக்ஸியைப் பொட்டுப் பொட்டாக வைத்து, இறுகியபின் மறுபடி அளந்து, அதற்குமேல்தான் முழுப் பூச்சு. மும்பை மே மாதத்தில் எபாக்ஸி சீக்கிரமே இறுகிவிடுவதால், கலக்கும் முன்பே அளவுகளை முடித்துவிடுங்கள்.

நடுக்கோட்டுக்கு இந்தக் கருவி தேவையே இல்லை. இழுத்துக் கட்டிய நைலான் நூல் தொய்ந்தாலும் கீழ்நோக்கித்தான் தொய்யும். மேலிருந்து பார்த்தால் நேர்தான். அணியத்தின் நடுப்புள்ளியிலிருந்து அமரத்தின் இரு மூலைகளுக்கும் தூரம் சமமா என்பதை டேப்பே சொல்லிவிடும்.

குறைகள்: பகல் வெளிச்சத்தில் கோடு காணாமல் போகிறது, அதனால் மாலைக்குமேல்தான் வேலை. பளபளக்கும் எபாக்ஸியில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும், கவனம். பதினாறு கோடுகளில் படகுக்கு ஒன்றிரண்டு போதும். குறைந்த கோடுள்ள மாடலே நல்லது.

வாங்கியதும் சோதியுங்கள். ஐந்து மீட்டர் இடைவெளியுள்ள இரு சுவர்களில் முதல் சுவரருகே கருவியை வைத்து, இரண்டிலும் கோட்டைக் குறியுங்கள். பிறகு எதிர்ச்சுவரருகே கொண்டுபோய், கருவியை அரைச்சுற்று திருப்பி வைத்து, அங்குள்ள குறிக்கு உயரத்தைச் சரிசெய்து, முதல் சுவரைப் பாருங்கள். பழைய குறியிலிருந்து 3 மில்லிமீட்டருக்குமேல் விலகினால், மீட்டருக்கு 0.3 மில்லிமீட்டரைத் தாண்டிய பிழை. அதைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள்.