பதம் ஆட ஆள் வேண்டும்

மலருக்கு எழுதித் தரும்படி மன்றத்துப் பெரியவர்கள் கேட்டால் மறுக்க முடியுமா? 1976-ல் ஜனதா காலனியைக் காலி செய்து நம்மைச் சீத்தா கேம்பில் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து, பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமும் வேண்டும் என்று நின்றவர்கள் அவர்கள்.

பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்திரா என்று பாணி பிரித்துச் சொல்ல வேண்டிய சபை அல்ல இது. 1945-ல் ராஜராஜேஸ்வரி பரத நாட்டியக் கலாமந்திர் வந்ததிலிருந்து பம்பாய்த் தமிழருக்கு அதன் திருவிடைமருதூர்ப் பாணிதான் தாய்வீடு. எங்கள் டீச்சரும் அந்த வழி. மான்குர்டில் ரயிலேறி, வடாலாவில் இறங்கி, மாட்டுங்கா வரை நடந்துபோய்க் கற்றேன். அடவு தப்பினால் தட்டுக்கழி பேசும். நாயகியின் ஆசையைப் பாடும் பதம் என்றால் கழியைக் கீழே வைத்துவிடுவார். உட்கார்ந்தபடியே ஒரு வரிக்கு இருபது அர்த்தம் காட்டுவார். பதினாறு வயதில் எனக்குக் கூச்சம். “கூச்சப்படுறவ நாயகியா நிக்க முடியாதுடி. உன் உடம்பு, உன் ஆசை. சாமிகிட்ட நீதான் சொல்லணும்” என்பார்.

நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் பிடிவாதமும் அதுதான். 1975-ல் தமிழிசைச் சங்கத் தலைமையுரையில், சிருங்காரத்தைக் கழுவித் தூய்மைப்படுத்தத் தேவையில்லை என்ற தம் கட்சியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1978-ல் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரே லார்ட், பெண்ணின் இச்சையே அவள் சக்தி, அதற்கு அவளையே அஞ்சவைத்துத்தான் ஆள்கிறார்கள் என்று வாதாடினார். டீச்சர் இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஒரு புருவத்தில் காட்டிவிடுவார்.

அந்த ஆசையை எழுத்தில் சொன்னதற்கும் தடை வந்தது. தஞ்சை அரசவைத் தாசி முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனம்’ நூலை 1910-ல் பெங்களூர் நாகரத்தினம்மாள் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு தடுத்தது. அந்தத் தடை நீங்கிய 1947-ல்தான் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. அந்தச் சட்டம் தப்பென்று சொல்ல மாட்டேன். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வழக்கத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை மறுக்க நான் யார்? ஆனால் வழக்கத்தோடு அந்தப் பெண்களும் மேடையை விட்டுப் போனார்கள், ஆட்டம் மட்டும் வேறு வீடுகளுக்குப் போனது. சுவாமிமலை ராஜரத்தினம் பிள்ளையின் பேத்தி நிருத்யா பிள்ளை இன்று அந்தக் கணக்கைத்தான் கேட்கிறார்.

இப்போது ஆடுகிறவர்களைக் குறை சொல்ல வரவில்லை. நல்ல பிள்ளைகள், நன்றாக உழைக்கிறார்கள். ஆனால் பாட்டுக்குப் பென் டிரைவ்! பாடுகிறவர் எதிரில் இருந்தால் நாயகி ஒரு பெருமூச்சுக்கு நின்றுகொள்ளலாம். பாட்டு அவளுக்காகக் காத்திருக்கும். பென் டிரைவ் காத்திருக்குமா? ஏழு நிமிடத்தில் விரகமும் ஊடலும் முடிந்தாக வேண்டும். கோயிலும் மிராசுதாரும் சட்டமும் பிடித்து வைத்த உடம்பை இப்போது சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் பிடித்து வைத்திருக்கிறது. போன வருடம் ஒரு மேடையில் நடுவில் பாட்டு நின்றது. அந்தப் பெண்ணும் பொம்மைபோல நின்றாள். மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை. கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். பேசத்தான் வேண்டும்.

அடுத்த ஆண்டு விழாவில் ஒரு பதமாவது பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம் மூன்றோடும் நடக்கட்டும். செலவுக்கு மன்றம் தனி ரசீதுப் புத்தகம் போட்டால், முதல் ரசீதை என் பெயரில் எழுதுங்கள்.